நிறங்காட்டி தந்த பாடம்



மணமக்கள் வாசலில் வந்து நின்றதும் ஆரத்தி எடுக்கிறார்களே, அந்தத் தட்டிலுள்ள செந்நீர் எது? மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு, அவ்வளவுதான். சுண்ணாம்பு ஒரு காரம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆய்வுக்கூடம் அறியாத நம் பாட்டிமார் கையாண்ட நிறங்காட்டி இது! ஆனால் அதே மஞ்சள் நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நிறம் மாறாது. காரத்தைக் காட்டும் மஞ்சளுக்கு, அமிலத்தையும் வெறும் நீரையும் பிரித்துக் காட்டத் தெரியாது.

இதை மறந்ததால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதலாண்டு செய்முறை வகுப்பு. கூம்புக் குடுவையில் 20 மில்லி அசெட்டிக் அமிலம்; பியூரெட்டில் அதே திறனுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு. கைக்கு எட்டிய மெத்தில் ஆரஞ்சை இரண்டு சொட்டு விட்டேன். ஏறத்தாழ 6 மில்லி சேர்ந்ததுமே சிவப்பு முற்றிலும் மஞ்சளாகிவிட்டது! பக்கத்து மேசை நண்பருக்கோ 20 மில்லி. அவருடைய அளவையே எழுதிவிடலாமா என்ற சபலம் எழுந்தது. மனம் ஒப்பவில்லை, 6 என்றே எழுதிக் காட்டினேன்.

பேராசிரியர் கோபிக்கவில்லை. என் குடுவைக் கரைசலில் நீல லிட்மஸ் தாளை நனைத்தார். தாள் சிவந்தது. அமிலம் இன்னும் தீரவில்லை!

காரணத்தையும் அவரே விளக்கினார். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது பி.எச். 3.1-க்கும் 4.4-க்கும் இடையில். வலிமை குறைந்த அசெட்டிக் அமிலத்தில் பத்தில் மூன்று பங்கு தீர்ந்ததுமே பி.எச். 4.4-ஐ எட்டிவிடும். முழுதும் தீரும்போது அது 9-ஐ நெருங்கும். அங்கே நிறம் மாறுவது பினாப்தலீன்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்திருந்தால் கடைசி ஓரிரு சொட்டுகளிலேயே பி.எச். 4-லிருந்து 10-க்குத் தாவிவிடும். இரண்டில் எதை விட்டாலும் பிழையிராது.

"அடுத்தவர் அளவை எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும், இந்தப் பாடம் கிடைத்திருக்காது" என்றார் பேராசிரியர்.

எனவே நண்பர்களே, நிறங்காட்டிப் புட்டியைத் தொடுமுன் குடுவையிலுள்ள அமிலமும் பியூரெட்டிலுள்ள காரமும் வலியவையா, மெலியவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ட அளவு எதுவாயினும் கண்டபடியே எழுதுங்கள்!