கொடியும் காடும் 'கட' ஆன கதை

அப்பா சொன்ன ஊர்க்கதைகளை நான் தட்டச்சு செய்து வைத்த 63 உரைக்கோப்புகள். ஒன்றாக்கலாம்னு பைத்தானில் உட்கார்ந்தேன். நிறுத்தற்குறிகளை நீக்க ரெஜெக்ஸில் ஒரே வரி: பேக்ஸ்லாஷ் டபிள்யூவிலும் இடைவெளியிலும் சேராத எல்லாத்தையும் தூக்கு.

ஓட்டிப் பார்த்தா 'அம்மா' 'அமம' ஆகியிருந்தது. கொடி, காடு, கூடை மூன்றும் 'கட'!

பைத்தானோட 'ரீ' தொகுப்பில் பேக்ஸ்லாஷ் டபிள்யூன்னா எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். நம்ம புள்ளி, கால், கொம்பு எதையும் யூனிகோட் எழுத்தாகக் கணக்கில் வைக்கவில்லை. 'குறி' என்று தனி வகை. காற்புள்ளியோட சேர்ந்து அதுவும் போயிடுச்சு. 'கட'விலிருந்து கொடியை எந்த ரெஜெக்ஸாலும் மீட்க முடியாது. திரும்பக் கேட்க அப்பாவும் இல்லை. நல்லவேளை, விடையைத் தனிக் கோப்பில்தான் எழுதியிருந்தேன்.

இப்போ நீக்கவேண்டிய குறிகளை மட்டும் சதுர அடைப்புக்குள் பட்டியலிடுகிறேன்.

இன்னொரு வம்பு: 'கொ'வில் வரும் ஒகரக்குறி சில கோப்பில் ஒரே குறியாக இருக்கும், சிலதில் கொம்பு, கால் என இரண்டாக. கண்ணுக்கு ஒன்றுதான், தேடினா சிக்காது. இணைக்கும் முன் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸை 'என்.எஃப்.சி' முறையில் ஓட்டிவிடுங்கள். அதை ஓட்டிய பிறகுதான், வெவ்வேறுன்னு நிரல் சொன்ன இரண்டு கோப்புகள் ஒரே கதைன்னு தெரிஞ்சது.