மணவிலக்குத் தொகை வந்தால் யூனிவர்சல் கிரெடிட் நிற்குமா?



பிரிட்டனில் மணவிலக்கு பெறும் நம் சகோதரிகளில் சிலருக்குத் தீர்வுத் தொகை மொத்தமாகக் கைக்கு வருகிறது. வாடகையையும் அன்றாடச் செலவையும் யூனிவர்சல் கிரெடிட்டை நம்பிச் சமாளிப்பவர்கள் அதன் விளைவை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அத்தொகையை அரசு வருமானமாக அல்ல, சேமிப்பாகவே கணக்கிடும். பாக்கியிருந்த மஹர் வந்தாலும் அப்படித்தான். மொத்தச் சேமிப்பு 6,000 பவுண்டுவரை இருந்தால் பாதிப்பில்லை. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், மிஞ்சும் சில்லறைக்கும், மாதம் 4.35 பவுண்டு குறையும். 10,000 பவுண்டு வைத்திருப்பவருக்கு மாதம் 69.60 பவுண்டு குறையும். 16,000 பவுண்டைத் தாண்டினால் வாடகைக்கான பங்கு உட்பட யூனிவர்சல் கிரெடிட் முழுவதும் நின்றுவிடும். சைல்ட் பெனிஃபிட்டைச் சேமிப்பு பாதிக்காது.

மாதாமாதம் வரும் பணத்துக்கு வேறு கணக்கு. முன்னாள் கணவர் உங்களுக்குத் தரும் ஜீவனாம்சம் முழுவதும் கழிக்கப்படும். பிள்ளைகளுக்குத் தரும் பராமரிப்புத் தொகை கழிக்கப்படாது. எனவே, எது யாருக்கு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டை விற்று வந்த பங்கில் வேறு வீடு வாங்கிக் குடியேற எண்ணினால், அந்தப் பணம் பொதுவாக ஆறு மாதத்துக்குச் சேமிப்பில் சேராது.

"தம்பி பேரில் போட்டு வை, ஊருக்கு அனுப்பிவிடு" என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். உதவித்தொகைக்காகவே பணத்தைக் கைமாற்றினால், அது உங்களிடமே இருப்பதாக அரசு கணக்கிடும். கையிலும் பணமிராது, உதவியும் வராது. ஆனால் கடனை அடைப்பதும், வீட்டுக்கு அவசியமானதை நியாயமான அளவில் வாங்குவதும் தவறாகாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் வந்ததும் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால், கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கட்ட நேரிடும், அபராதமும் வரலாம். உண்மையைச் சொல்வது நம் மார்க்கக் கடமையும்கூட. அன்றாடச் செலவில் சேமிப்பு 16,000-க்குக் கீழே இறங்கினால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரையோ, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தையோ கேளுங்கள். கடிதங்களைப் படித்துச் சொல்லவும், உடன் வரவும் நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.