மழை குறைந்தது, வெள்ளம் ஏறியது!

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு புதிர். ஒரு தெருவில் மழை பெய்கிறது. நண்பகலில் மழை வெறும் தூறலாகக் குறைகிறது. ஆனால் தெருவில் தேங்கிய நீரோ கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுகிறது. மூன்று மணிக்கு மழை மீண்டும் கொட்டுகிறது. இப்போது நீர் மளமளவென்று வடிகிறது. இது எப்படி?

இந்தப் புதிரை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில், மும்பையின் இந்துமாதா பகுதியில் ஒரு துணிக்கடைப் படியில் நின்றபடி கண்ணால் பார்த்தேன்.

மாட்டுங்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஜூலையில் நம் சென்னை வெயிலில் காயும்; மும்பையோ நனைந்துகொண்டே இருக்கும். தென்மேற்குக் காற்று அரபிக்கடலில் நீராவியை அள்ளிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. ஏறும் காற்று விரிவடைந்து குளிர்கிறது. மலைக்கு இந்தப் பக்கமே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. இதை உங்கள் புவியியல் ஆசிரியர் நன்றாகவே சொல்லியிருப்பார். அளவை மட்டும் சொல்கிறேன்: சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ.; மும்பை சாந்தாக்ரூஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் பெய்வது சுமார் 2,300 மி.மீ.

புறப்படும் அன்று காலையில் அத்தான் செய்தித்தாளைப் பிரித்தார். அரசியலையும் பார்க்கவில்லை, கிரிக்கெட்டையும் பார்க்கவில்லை. ஒரு மூலையில் இருந்த பெட்டிச் செய்தியைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இன்னைக்குப் பன்னிரண்டு நாற்பதுக்குப் பெரிய ஹை டைடு. மழை பிடிச்சுதுன்னா பதினோரு மணிக்கே திரும்பிடுங்க" என்றார். கடல் ஏற்றத்துக்கும் கடைத்தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். இயற்பியல் பாடம் நடத்துபவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது!

மும்பையின் மழைநீர் வடிகால்கள் கடலிலும் கழிமுகங்களிலும் போய் முடிகின்றன. ஏழு தீவுகளை இணைத்து, இடையிலிருந்த சதுப்பையும் கடலையும் தூர்த்து உருவான நகரம் அது. ஆகவே பல பகுதிகள் உயர் ஓத மட்டத்தை விட அதிக உயரத்தில் இல்லை. இந்துமாதா ஒரு தாம்பாளத்தின் நடுப்பகுதி போன்ற பள்ளம். நீர் எப்போதும் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கே பாயும். கடலின் மட்டம் வடிகால் வாயைத் தாண்டி உயர்ந்துவிட்டால், தெருநீர் எங்கே போகும்? நின்றுவிடும். சுற்றுப்புற மேட்டிலிருந்து வரும் நீரோ வந்துகொண்டே இருக்கும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். அடியில் துளையிட்ட ஒரு டப்பாவில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு வாளிக்குள் விடுங்கள். டப்பாவில் நீர் ஊற்றினால் விர்ரென்று வாளிக்கு இறங்கும். இனி வாளியில் நீரை நிரப்பி, இரு மட்டங்களும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்படி வாளியைச் சற்றுத் தூக்கி வையுங்கள். டப்பாவில் ஊற்றும் நீர் தயங்கித் தயங்கி இறங்குவதைக் காண்பீர்கள். டப்பாதான் இந்துமாதா, வாளிதான் அரபிக்கடல்.

மெரினாவில் கடல் இப்படி ஏறி நாம் பார்த்ததில்லையே என்று கேட்கலாம். சென்னையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியதுதான். மும்பையிலோ பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் அது மூன்று, நான்கு மீட்டரைத் தொடும். மேற்கிலுள்ள அகன்ற, ஆழம் குறைந்த கடலடித் தளம் இதற்கு முக்கியக் காரணம்.

என் கதைக்கு வருகிறேன். படியில் நின்று அலுத்துப்போய், முழங்கால் அளவு நீர்தானே என்று காலை எடுத்து வைத்தேன். கடைக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். நான்கடி தள்ளி, நீருக்கு மேல் ஒரு மரக்கிளை நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடியட்டும் என்று யாரோ சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்துவிட்டு, அடையாளத்துக்குக் கிளையைச் செருகியிருக்கிறார்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் குழாய் நிறைந்து நிற்பதால் மேலே ஒரு சிறு சுழல்கூடத் தெரியாது. கலங்கிய நீர் சமதளமாகத் தோன்றும். ஏற்றம் தணிந்ததும் அதே குழி உள்ளே இழுக்கத் தொடங்கும். மும்பையில் இப்படித் திறந்த குழிகளில் விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. அடுத்த இரண்டு மணி நேரம் நான் அந்தப் படியை விட்டு அசையவில்லை!

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி நடந்ததை நினைத்தால் என் அனுபவம் ஒன்றுமேயில்லை. அன்று சாந்தாக்ரூஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் பதிவானது 944 மி.மீ. அதில் பெரும்பகுதி பிற்பகலுக்கும் இரவுக்கும் இடையே பெய்தது. நகரின் பழைய வடிகால்களோ மணிக்கு 25 மி.மீ. மழைக்கு, அதுவும் தாழ் ஓத நேரத்துக்கு, கணக்கிட்டுக் கட்டப்பட்டவை.

944 மி.மீ. என்றால் என்ன? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர் நீர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 944 லிட்டர். இன்னொரு கணக்கும் போடலாம். ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 24.5 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படும். ஒரு கிலோவாட் மின்னடுப்பு 41 நிமிடங்கள் எரிந்தால் கிடைக்கும் ஆற்றல் அது. அப்படியானால் அன்று ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே, அத்தகைய ஓர் அடுப்பு இரவும் பகலும் 27 நாள் எரிந்தால் வெளிப்படும் வெப்பம் மேகத்துக்குள் வெளிப்பட்டது. மேகத்தை மேலும் மேலும் உயரே தள்ளியது அந்த வெப்பமே.

வியப்பு என்னவென்றால், அதே நாளில், 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள கொலாபாவில் பதிவானது சுமார் 73 மி.மீ. மட்டுமே! தென்மும்பையில் இருந்தவர்கள் சாதாரண மழை நாள் என்றே எண்ணி வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அன்று மும்பையில் டாப்ளர் ரேடார் இல்லை. பிறகுதான் வந்தது. துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமை மழையின் அளவையும், அதிர்வெண் மாற்றம் துளிகளின் வேகத்தையும் காட்டும்.

கடல் ஏற்றம் அன்று எப்போது? அந்த மாதம் 21ஆம் தேதி பௌர்ணமி. மும்பையில் பௌர்ணமியன்று உயர் ஓதம் நண்பகலை ஒட்டி வரும். நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். ஐந்து நாளுக்கு 250 நிமிடம். ஆகப் பிற்பகல் நான்கு மணி அளவு. மழை உச்சத்தில் இருந்த நேரமும் ஏறக்குறைய அதுவே. அன்றைய ஏற்றம் 4.48 மீட்டர்.

பலர் கார்களுக்குள்ளேயே சிக்கி இறந்தார்கள். மூடிய கார் பாதுகாப்பானது என்று தோன்றும், ஆர்க்கிமிடீஸைக் கேளுங்கள். 1,000 கிலோ எடையுள்ள காரின் அடிப்பரப்பு 6 சதுர மீட்டர் என்போம். அடித்தளத்துக்கு மேல் நீர் 10 செ.மீ. ஏறினாலே 600 கிலோ மிதப்பு விசை. 17 செ.மீ. ஏறினால், உள்ளே நீர் புகாதவரை, கார் மிதக்கும். சக்கரம் தரையைப் பற்றாது. இனி கதவு. ஒரு மீட்டர் அகலக் கதவின் வெளியே 60 செ.மீ. நீர் நின்றால், அது கதவை அழுத்தும் விசை சுமார் 180 கிலோ எடைக்குச் சமம். கீலிலிருந்து எட்ட உள்ள ஓரத்தில் தள்ளினால் பாதி போதும் என்று நெம்புகோல் விதி தெரிந்த நீங்கள் சொல்வீர்கள். சரிதான். அந்தப் பாதியே 90 கிலோ! அதனால்தான் நீர் ஏறத் தொடங்கிய உடனேயே, கண்ணாடி இறங்கும்போதே, இறங்கி மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்கிறார்கள்.

இப்போது மும்பையில் ஹாஜி அலி, இர்லா போன்ற இடங்களில் பெரிய நீரேற்று நிலையங்கள் இருக்கின்றன. தானாகக் கடலுக்குப் போகாத நீரைப் பம்புகள் தூக்கி ஊற்றுகின்றன. இந்துமாதா பகுதியின் நீரைப் பிடித்துவைத்து, ஏற்றம் தணிந்ததும் வெளியேற்ற நிலத்தடித் தொட்டிகளும் கட்டியிருக்கிறார்கள். என் வாளிச் சோதனையைச் செய்தவர்களுக்கு இதன் தேவை விளங்கும்.

அன்று மூன்று மணிக்குப் பின், கொட்டுகிற மழையில், வடிந்து கிடந்த தெருவில் நடந்து வீடு சேர்ந்தேன். குடை இருந்தும் தொப்பலாக நனைந்திருந்தேன். துளி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் விழ, காற்றும் அதே 7 மீட்டரில் வீசினால், மழை 45 பாகைச் சாய்வில் வரும். குடையைத் தலைக்கு நேரே பிடித்தால் அப்படித்தான். அக்கா துண்டை நீட்டினாள். அத்தான் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் செய்தித்தாளைப் பிரிக்கும் முன்பே நான், "அத்தான், இன்னைக்கு ஏற்றம் ஒன்றரை மணிக்கு" என்றேன். பன்னிரண்டு நாற்பதோடு ஐம்பதைக் கூட்டியிருந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெட்டிச் செய்தியைப் பார்த்தார்.

"ஒண்ணு இருபத்திரண்டு" என்றார்.

எட்டு நிமிடப் பிழை. ஐம்பது என்பது சராசரிதான்; பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது சற்றுக் குறையும்.

"அப்போ பன்னிரண்டு மணிக்குள்ளே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டேன்.