ஈரத்தை அகற்றினால் பூஞ்சணம் அகலும்

போர்ட் கிள்ளான் சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர். 1901ஆம் ஆண்டில், போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் அங்குத் துறைமுகம் திறக்கப்பட்டபோது, மலேரியாக் காய்ச்சல் மக்களைப் பெரிதும் வாட்டியது. கிள்ளானில் பணியாற்றிய அரசாங்க மருத்துவர் மால்கம் வாட்சனின் முயற்சியால் வடிகால்கள் வெட்டப்பட்டு, தேங்கிய நீர் வடிந்ததும் காய்ச்சல் தணிந்தது. 1972இல் ஊரின் பெயர் மாறியது. கடலோர ஈரம் மாறவில்லை. தண்ணீரை அகற்றாமல் தீங்கை அகற்ற இயலாது என்னும் அப்பாடம் இன்று நம் வீட்டுச் சுவர்களுக்கும் பொருந்தும்.

அலமாரியின் பின்புறத்திலும் குளியலறைச் சுவரிலும் கறுப்பாகப் படர்வது பூஞ்சணம். அதன் நுண்வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. ஈரம் கிடைத்தால்தான் அவை வளரும். ஆகவே, அதன்மேல் சாயம் பூசி மறைப்பது தீர்வாகாது. ஈரமும் பூஞ்சணமும் மிகுந்த வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுகின்றன என உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் எடுத்துரைத்தது. நம் குழந்தைகளின் மூச்சு இதில் அடங்கியுள்ளது.

முதலில், ஈரம் வரும் வழியை நாம் கண்டறிய வேண்டும். ஒழுகும் கூரையையும் கசியும் குழாயையும் உடனே சீர்செய்தல் வேண்டும். ஈரத்துணிகளை வீட்டுக்குள் உலர்த்துவதைத் தவிர்க்கலாம்.

அடுத்தது காற்றோட்டம். நம் நாட்டில் இரவிலும் விடியற்காலையிலும் வெளிக்காற்றே ஈரம் மிகுந்திருக்கும். வெயில் ஏறிய பின்னர் ஈரப்பதம் குறையும். அவ்வேளையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைப்பது நலம். சன்னல்களின் பரப்பு அறைத்தரையின் பரப்பில் 10 விழுக்காட்டுக்கும், காற்றுப் புகும் திறப்பு 5 விழுக்காட்டுக்கும் குறையலாகாது என 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகள் கூறுகின்றன. அச்சன்னலை அலமாரியால் அடைத்துவிட்டால் விதியால் பயனில்லை. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்போம். குளிர்சாதனம் ஓடும்போது சன்னலை மூடிவைப்போம். இல்லையேல் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும்.

படிந்த பூஞ்சணத்தை, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பு நீருடன் காடியையோ அம்மோனியாவையோ சேர்த்தல் கூடாது, நச்சுவாயு எழும்.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில், நனைந்த பொருள்களை இரண்டு நாள்களுக்குள் உலர்த்த வேண்டும். உலராத மெத்தைகளை வைத்துக்கொள்ளாமல் அப்புறப்படுத்துவதே நன்று.

உலர்ந்த வீடே நலமான வீடு. இன்றே அலமாரியை நகர்த்திப் பார்ப்போமாக!