இரட்டை மோட்டார் மாதிரி விமானங்கள்

மாதிரி விமானத்தைப் பாட்டரியின் மின்சாரத்தால் பறக்கச் செய்வது புதிய முயற்சியன்று. 1957-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி இங்கிலாந்தில் கர்னல் டாப்லின் என்பார் வெள்ளி-துத்தநாகப் பாட்டரியைக் கொண்டு பறக்கவிட்ட ‘ரேடியோ குவீன்’ இவ்வகைக்கு முன்னோடியாகும்.

பழைய மோட்டார்களில், சுழலும் கம்பிச் சுருளுக்குக் கார்பன் பிரஷ்களின் வழியே மின்சாரம் சென்றது. பிரஷ் இல்லாத மோட்டாரில் சுருள்கள் அசையாது நிற்கின்றன, காந்தங்களே சுழல்கின்றன. ஆகவே எந்தச் சுருளுக்கு எக்கணத்தில் மின்சாரம் பாய வேண்டும் என்பதை வெளியிலுள்ள ஒரு கருவி தீர்மானிக்க வேண்டியுள்ளது. வேகக் கட்டுப்படுத்தி எனப்படும் அக்கருவி, பாட்டரியின் நேர்மின்னோட்டத்தை மூன்று கம்பிகளில் முறைமாற்றி அனுப்புகிறது. மின்சாரம் பெறாதிருக்கும் சுருளில் சுழலும் காந்தம் தூண்டும் மின்னழுத்தத்தைக் கொண்டே, காந்தத்தின் நிலையை அது அறிகிறது.

டக்கோட்டா போன்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் மாதிரியை அமைப்போர் இதனை மறத்தலாகாது. பிரஷ் மோட்டார்கள் இரண்டை ஒரே கட்டுப்படுத்தியில் இணைக்கலாம். பிரஷ் இல்லாதவற்றை அவ்வாறு இணைத்தல் கூடாது. இரு மோட்டார்களின் காந்தங்களும் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லையாதலின், ஒன்றுக்குப் பொருந்தும் மின்னோட்டம் மற்றதைத் தடுமாறச் செய்யும். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனிக் கட்டுப்படுத்தி வேண்டும். இங்கே சிக்கனம் பார்ப்பது வீண்.

பாட்டரியோ ஒன்றாயிருப்பதே நலம். இரண்டு வைத்து, ஒன்று முன்னதாகத் தீர்ந்தால், அப்பக்க மோட்டார் தளர்ந்து விமானம் ஒருபுறம் திரும்பி வீழும். மோட்டார் ஒவ்வொன்றும் 15 ஆம்பியர் இழுப்பின் மொத்தம் 30 ஆம்பியர். 2,200 மில்லி ஆம்பியர்-மணிப் பாட்டரி முழு வேகத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகவே தாங்கும். பாட்டரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே கம்பி நீண்டால், மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் எகிறி மின்தேக்கிகளைக் கெடுக்கும். நீட்டுவதாயின் மோட்டார்ப் பக்கத்துக் கம்பிகளையே நீட்ட வேண்டும்.

கட்டுப்படுத்திகள் இரண்டிலும் ரிசீவருக்கு 5 வோல்ட் அளிக்கும் பகுதி இருக்குமாயின், ஒன்றின் சிவப்புக் கம்பியை மட்டும் விலக்கி, அதன் நுனியை உறையிடுதல் வழக்கம். இரண்டிற்கும் வேக எல்லைகளை ஒன்றுபோல் பதிவு செய்யாவிடில், ஒரு மோட்டார் முந்திக் கிளம்பும். சுழலும் திசை தவறாயிருப்பின் மோட்டாரின் மூன்று கம்பிகளுள் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும்.

இச்சோதனைகள் அனைத்தையும் புரொப்பெல்லர்களைக் கழற்றிய பின்னரே மாணவர்களைக் கொண்டு செய்விக்க வேண்டும். விரலைத் துண்டிக்கும் ஆற்றல் சிறிய மோட்டாருக்கும் உண்டு.