பணிவிலகியவர் வாடிக்கையாளரை ஈர்த்தல்

பணிவிலகியவர் வாடிக்கையாளரை ஈர்த்தல் என்பது, ஒரு நிறுவனத்தை விட்டு நீங்கிய பணியாளர் அதன் வாடிக்கையாளர்களைத் தமது புதிய தொழிலுக்கு அழைத்துச் செல்வதைக் குறிக்கும். அச்சகம், அழகு நிலையம், கணக்கர் அலுவலகம் போன்ற சிறுதொழில்களில் உரிமையாளரைவிடப் பணியாளரையே வாடிக்கையாளர் நன்கு அறிந்திருப்பதுண்டு. ஒருவர் விலகினாலே வருவாயில் பெரும்பகுதி போய்விடலாம். எனினும் வாடிக்கையாளர் எவருடைய உடைமையும் அல்லர். இந்தியாவில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் வாடிக்கையாளர் பட்டியலைப் பற்றியவையாகவே அமைகின்றன.

ஒப்பந்தத் தடை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 27 ஆம் பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது. தொழிலின் நற்பெயரை விற்றவர் மீதான தடை இதற்கு விதிவிலக்கு. ஆகவே, "விலகியபின் இரண்டு ஆண்டுகள் இதே தொழில் செய்யமாட்டேன்" எனப் பணியாளர் கையொப்பமிட்டிருந்தாலும் அது உரிமையாளருக்குப் பொதுவாகப் பயன் தராது. இங்கிலாந்தில் இத்தகைய தடை நியாயமான அளவினதாயின் செல்லும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் போட்டி நிறுவனத்தில் சேர்வதைத் தடுக்கலாம் என இந்திய உச்ச நீதிமன்றம் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் (1967) தீர்ப்பளித்தது. பழைய வாடிக்கையாளரை அணுகக்கூடாது என்ற நிபந்தனை குறித்து உயர் நீதிமன்றங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

பட்டியலைப் பாதுகாத்தல்

இங்கிலாந்தின் ராப் எதிர் கிரீன் வழக்கில் (1895), வேட்டைப் பறவைகளும் முட்டைகளும் விற்ற வணிகரின் மேலாளர், பணியிலிருந்தபோதே வாடிக்கையாளர் பெயர்களை இரகசியமாகப் படியெடுத்தார். இது நம்பிக்கை மீறல் எனக் கொள்ளப்பட்டு, அவர் இழப்பீடு செலுத்த நேர்ந்தது. பசெண்டா சிக்கன் வழக்கில் (1986) முடிவு வேறு. தற்செயலாக இதுவும் பறவை சார்ந்த வணிகமே. விலகியவர் மனத்தில் கொண்டுசென்ற விலை, விற்பனை விவரங்கள் தொழில் இரகசியமல்ல என நிறுவனத்தின் கோரிக்கை தள்ளுபடியாயிற்று.

தில்லி உயர் நீதிமன்றம் பர்லிங்டன் வழக்கில் (1995) உழைத்துத் தொகுத்த வாடிக்கையாளர் தரவுத்தளத்தைப் பதிப்புரிமைக்குரிய இலக்கியப் படைப்பாக ஏற்றது. ஆயினும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில் (2006), வாடிக்கையாளர் விவரங்களைக் காரணங்காட்டிப் பணியாளரின் வேறு வேலை வாய்ப்பைத் தடுக்க அதே நீதிமன்றம் மறுத்தது.

தீர்வுகள்

இழப்பீடு பெறுவது கடினம். வாடிக்கையாளர் தாமாகவே சென்றாரா, பட்டியலைக் கொண்டு அழைக்கப்பட்டாரா என்பதை உரிமையாளரே மெய்ப்பிக்கவேண்டும். இதனால் இடைக்காலத் தடையாணையே முதலில் கோரப்படுகிறது. கோப்புகள் படியெடுக்கப்பட்ட நாள், சொந்த முகவரிக்கு அனுப்பிய மின்னஞ்சல் முதலியன இதற்குச் சான்றாகும். காலந்தாழ்த்தி வருவோருக்கு நீதிமன்றம் தடையாணையை மறுக்கக்கூடும்.