நாள்தோறும் இருபத்தொரு நிமிடம்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்றிதழ் அளிப்பதற்காக வங்கிக்கு வருகின்றனர். திருவனந்தபுரத்தில் நாம் முன்பு பணியாற்றிய கிளை முதல் மாடியில் இருந்தது, மின்தூக்கி இல்லை. எண்பது வயதைக் கடந்த சிலர் கைப்பிடியைத் தொடாமலே படியேறி வருவர். ஓய்வு பெற்று ஈராண்டுகூட நிறையாத வேறு சிலர், கீழே ஆட்டோவில் அமர்ந்தபடி ஆளனுப்புவர். நாம் படிவத்துடன் இறங்கிச் செல்வோம். சான்றிதழ் இருவருக்கும் ஒன்றே. ஒருவர் உயிருடன் உள்ளார் என்பதை மட்டுமே அது கூறும். எவ்வாறு உள்ளார் என்பதைக் கூறாது.

அவ்வாறு கீழே காத்திருந்தோருள் நம் முன்னாள் மேலாளர் ஒருவரும் இருந்தார். "ஓய்வு பெற்றபின் நடைப்பயிற்சி தொடங்கலாம் என்றிருந்தேன், அதற்குள் முழங்காலும் சர்க்கரையும் முந்திக்கொண்டன" என்றார். நேரமின்மையைக் காரணம் காட்டி வந்த நமக்கு அச்சொல் உறைத்தது.

அமர்ந்த பணியின் விலை

1953-ஆம் ஆண்டு ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் லண்டன் பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, ஈரடுக்குப் பேருந்தில் ஓயாது படியேறி இறங்கிய நடத்துநர்களிடம் இதயநோய் குறைவாகக் காணப்பட்டது. கணினிமுன் அமரும் நாம் அனைவரும் இன்று அந்த ஓட்டுநர்களின் நிலையிலேயே இருக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கேரளத்தில் வயது வந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. உணவு, மரபு எனக் காரணங்கள் பல. உடலுழைப்புக் குறைவும் அவற்றுள் ஒன்று.

எவ்வளவு போதும்?

வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கமோ, 75 நிமிடம் கடுமையான உடலியக்கமோ தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த வழிகாட்டுதல் கூறுகிறது. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரு நாளேனும் வேண்டும். பயிற்சி ஒவ்வொரு முறையும் தொடர்ந்து பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் நீக்கப்பட்டுவிட்டது. சிறு சிறு துண்டுகளும் கணக்கில் சேரும்.

150-ஐ ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு 21 நிமிடத்துக்குச் சற்று மேல் வருகிறது. மலப்புறம் மாவட்டத்தில் முன்னாள் துணைராணுவ வீரர் ஒருவர் தொடங்கிய 'மெக் 7' என்னும் கூட்டுப் பயிற்சியும் 21 நிமிடத்தில் 21 பயிற்சிகள் என்றே அமைந்துள்ளது. விடியற்காலையில் திறந்த வெளியில் கூடிச் செய்து கலைந்து செல்வது அதன் முறை. நம் நகரில் அருங்காட்சியக வளாகத்திலும் கனகக்குன்னிலும் காலையில் நடப்போர் பலர். நாகர்கோவிலிலிருந்து விடியற்காலை ரயிலேறி வரும் பணியாளருக்கும், சாலை பஜாரில் கடை திறக்கும் வணிகருக்கும் அந்த ஒரு மணி நேரம் கிட்டுவதில்லை. அத்தகையோர் 21 நிமிடத்தை மூன்று தவணைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்று தவணைகள்

காலை ஏழு நிமிடம்: சூரிய நமஸ்காரம், அல்லது வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குதல். ரயிலில் வருவோர் தம்பானூர் நிலையத்திலிருந்து விரைந்து நடக்கலாம்.

நண்பகல் ஏழு நிமிடம்: உணவுக்குப்பின் நடை. நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், உணவுக்குப்பின் ஏறும் அளவு தணிகிறது.

மாலை ஏழு நிமிடம்: ஒரு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கி விரைநடை.

வாரத்தில் இரு நாள் கூடுதலாக ஒரு தவணை: ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து உடலைச் சூடாக்குக. பின்னர் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றி உடலைத் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல் ஆகிய மூன்றையும் நிமிடத்துக்கொன்றாக இருமுறை செய்க. முதுமையில் படியேறும் வலிமையை இவையே காக்கின்றன.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. பேச இயன்று பாட இயலாத நிலையே மிதமான வேகம். இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோரும் இன்சுலின் பயன்படுத்துவோரும் மருத்துவரைக் கலந்தபின் தொடங்குதல் வேண்டும். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுக.

தவணை தவறினால்

தொடர் வைப்புக் கணக்கின் பயனை நம் வாடிக்கையாளர்கள் நன்கு அறிவர். தொகை சிறிது, முறை தவறாமை பெரிது. இங்கும் அதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு மாதத் தவணையை மறுமாதம் சேர்த்துக் கட்டலாம். ஒரு மாத உழைப்பை ஒரே ஞாயிறன்று உடலில் ஏற்றினால் தசைப்பிடிப்பே மிஞ்சும். ஒரு நாள் விடுபட்டால் வருந்த வேண்டியதில்லை. மறுநாள் வழக்கமான ஏழு நிமிடத்தைத் தொடர்ந்தால் போதும்.

நாற்காலியில் எழுந்து அமரும் பயிற்சியை அந்த மேலாளர் தம் மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்கினார். அடுத்த நவம்பரில் நாம் படிவத்துடன் இறங்க முற்பட்டபோது அவர் பாதிப் படியில் நின்றிருந்தார். கைப்பிடியைப் பற்றியபடி, "அங்கேயே இருங்கள், நான் வருகிறேன்" என்றார்.